கொடைக்கானல் லீவு

செமஸ்டர் லீவுக்கு கொடைக்கானல் வந்தாச்சு. டிசம்பர் சீசன்ங்கறதால பகல் முழுக்க சித்தியோட சாக்லேட் கடையில பில் போடுறேன், கூட்டம் தாங்கல, ஆனா கைச்செலவுக்கு யார்கிட்டயும் கேக்க வேணாம் அதுவே பெரிய நிம்மதி. ராத்திரி சமையல் என் பொறுப்பு, நம்ம ஊரு உயரத்துக்கு தண்ணி 93 டிகிரிகிட்டயே கொதிச்சிடும் அதனால குக்கர் இல்லாம பருப்பு லேசுல வேகாது, மலைப்பூண்ட தட்டிப் போட்டு ரசம் வச்சா வீடே மணக்குது.

அப்புறம் பாட்டிகூட ஒரே கம்பளிக்குள்ள கொரியன் டிராமா, தமிழ் டப்பிங்ல. நேத்து ஆஸ்பத்திரி சீன்ல முழங்கைய மடக்கிக்கிட்டு சிபிஆர் (இதயம் நின்னவங்களுக்கு நெஞ்ச அமுக்கிக் குடுக்குற முதலுதவி) குடுத்தாங்க, மனசே கேக்கல எனக்கு, தலகாணிய தரையில வச்சு தம்பிக்கு செஞ்சே காமிச்சேன், கை நேரா இருக்கணும், 5 செமீ ஆழமாவது அமுக்கணும், நிமிஷத்துக்கு 100லருந்து 120 தடவ. சூப்பரா புடிச்சிக்கிட்டான்! ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் பக்கத்துல இருக்கறவங்க கைதானே. நாளைக்கு எதிர்வீட்டு அக்காவும் கத்துக்க வர்றாங்க.