ஹார்மோனிக் பேலன்சரை வீட்டிலேயே மாற்றிய அனுபவம்

டெக்சாஸில் நாங்கள் ஓட்டிவரும் 1994ஆம் ஆண்டு செவ்ரோலெட் சி1500 பிக்கப் வண்டியின் 5.7 லிட்டர் வி8 எஞ்சின், நின்ற இடத்தில் ஓடும்போது வழக்கத்தைவிட அதிகமாக அதிரத் தொடங்கியது. பெல்ட்டின் ஒரு விளிம்பும் பிசிறு பிசிறாக உரிந்திருந்தது. எஞ்சினை அணைத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்ததில், கிராங்க் தண்டின் (பிஸ்டன்களால் சுழலும் எஞ்சினின் முதன்மைத் தண்டு) முனையிலுள்ள பெல்ட் சக்கரமான கிராங்க் புல்லிக்குப் பின்னால், அதிர்வைத் தணிக்க இருக்கும் ஹார்மோனிக் பேலன்சரின் ரப்பர் வெடித்து, ஓரிடத்தில் நாக்கு நீட்டியதுபோல் வெளியே பிதுங்கியிருப்பது தெரிந்தது.

இந்த வகை எஞ்சினில் கிராங்க் ஒரு சுற்று சுற்றுவதற்குள் நான்கு சிலிண்டர்கள் எரிகின்றன. ஒவ்வொரு முறை எரியும்போதும் கிராங்க் தண்டு மிகச் சிறிய அளவில் முறுக்கிக்கொண்டு, உடனே பழைய நிலைக்கு மீள்கிறது. சில குறிப்பிட்ட வேகங்களில் இந்த முறுக்கல் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து பெருகும். அதை அடக்குவதற்காகத்தான் நடுவில் கிராங்க் முனையில் பொருந்தும் ஒரு ஹப், அதைச் சுற்றி ரப்பர், அதற்கு வெளியே கனமான இரும்பு வளையம் என்று பேலன்சரை அமைத்திருக்கிறார்கள். ரப்பர் விட்டுப்போன பிறகும் வண்டியை ஓட்டிக்கொண்டே இருந்தால், வளையம் கழன்று ரேடியேட்டரைக் கிழிக்கலாம், நாளடைவில் கிராங்க் தண்டிலேயே விரிசல் விழலாம் என்பதால் இதைத் தள்ளிப்போடக் கூடாது.

பலர் கவனிக்கத் தவறும் இன்னொரு கேடும் உண்டு. ஸ்பார்க் பிளக்குகள் தீப்பொறி விடும் நேரத்தைச் சரிபார்க்க உதவும் டைமிங் குறி வெளி வளையத்தில்தான் வெட்டப்பட்டிருக்கிறது. வளையம் ரப்பரிலிருந்து நழுவினால் குறியும் அதனுடனே நகர்ந்துவிடும், பிறகு அந்தக் குறியைப் பார்க்க உதவும் மினுக்கு விளக்கான டைமிங் லைட் காட்டுவதை நம்பி, பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பினால் சரியாக இருந்ததும் கெட்டுப்போகும். ஆகவே எதையும் கழற்றுவதற்கு முன் பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பை நீக்கி, ஸ்பார்க் பிளக்குகள் அனைத்தையும் எடுத்துவிட்டு, முதல் சிலிண்டரின் பிளக் துளையில், பிஸ்டனை உச்சிக்குச் சற்று முன்பே முட்டி நிற்கவைக்கும் பிஸ்டன் ஸ்டாப் ஒன்றைத் திருகினேன். கிராங்கைக் கையால் மெதுவாக ஒரு பக்கம் திருப்பி, பிஸ்டன் முட்டிய இடத்தில், எஞ்சினின் முன்மூடியான டைமிங் கவரிலுள்ள அளவுத் தகட்டின் பூஜ்யத்துக்கு நேராக வளையத்தில் ஒரு கோடு போட்டேன். எதிர்ப்பக்கம் திருப்பி முட்டிய இடத்தில் இன்னொரு கோடு. இரண்டுக்கும் சரியான நடுப்புள்ளிதான் பிஸ்டன் உச்சியில் நிற்கும் உண்மையான நிலை. எங்கள் பேலன்சரின் விட்டம் 6.75 அங்குலம்; அந்த அளவில் ஒரு பாகை என்பது விளிம்பில் ஏறத்தாழ 1.5 மில்லிமீட்டர். தொழிற்சாலைக் குறியோ நடுப்புள்ளியிலிருந்து ஒரு விரல் அகலம் விலகியிருந்தது. மாற்றித்தான் ஆகவேண்டும் என்பதில் அதன்பின் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

ஃபேன், அதன் மேல் உறை, பெல்ட் ஆகியவற்றை எடுப்பது எளிய வேலை. புல்லியைப் பிடித்திருக்கும் மூன்று போல்ட்டுகளைக் கழற்றியதும் கிடைக்கும் 3/8-24 (3/8 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 24 மரை) மரைத் துளைகளிலேயே, பேலன்சரை இழுத்துக் கழற்றும் கருவியான புல்லரைப் பூட்ட வேண்டும். நடு போல்ட்டைக் கழற்றும்போது கிராங்க் சேர்ந்து சுற்றாமலிருக்க, கீழே கியர்பாக்ஸின் தூசித்தகட்டை எடுத்துவிட்டு கிராங்கின் பின்முனையிலுள்ள பல்வட்டான ஃபிளெக்ஸ்பிளேட்டின் பற்களைப் பூட்டிவைத்தேன். வெளி வளையத்தைக் கவ்வி இழுக்கும் நகப் புல்லரை இதற்குப் பயன்படுத்தவே கூடாது, ஏனென்றால் அது ரப்பரோடு வளையத்தைப் பிய்த்துவிட்டு ஹப்பை அப்படியே விட்டுவிடும். புல்லரின் நடுத்திருகு கிராங்க் துளையின் மரையைச் சிதைக்காதபடி, முனையில் அதற்குரிய துண்டை வைத்துத்தான் முறுக்கினேன்.

புதியது வாங்கும்போது எஞ்சினின் கன அளவைச் சொல்லித்தான் வாங்க வேண்டும். 400 கன அங்குல எஞ்சினின் பேலன்சரில் சமநிலைக்கான எடை வேறுபாடு உண்டு. எங்களுடையதுபோன்ற 5.7 லிட்டர், அதாவது 350 கன அங்குல எஞ்சினுக்கு அது பொருந்தாது. விட்டமும் குறியின் இடமும் டைமிங் கவரிலுள்ள தகட்டோடு ஒத்துப்போக வேண்டும். பேலன்சர் வெளியே வந்திருக்கும்போதே எண்ணெய் வெளியே கசியாமல் தடுக்கும் வளையமான முன்பக்க ஆயில் சீலையும் மாற்றிவிடுவதுதான் அறிவுடைமை; அதன் உதடு எஞ்சினின் உட்புறம் நோக்கி இருக்க வேண்டும்.

பூட்டும் கட்டத்தில்தான் மிகுந்த பொறுமை தேவைப்படுகிறது. சுத்தியலால் அடித்து ஏற்றினால் ரப்பரும், கிராங்க் முன்பின்னாக நகராமல் தாங்கும் த்ரஸ்ட் பேரிங்கும் பாதிக்கப்படும். நடு போல்ட்டையே முறுக்கி உள்ளே இழுக்கவும் கூடாது, தொடக்கத்தில் இரண்டு மூன்று மரைகள் மட்டுமே பிடித்திருப்பதால் அவை உருவிக்கொண்டு வந்துவிடும். இதற்கென்றே உள்ள, பேலன்சரை ஏற்றும் கருவியான இன்ஸ்டாலரின் தண்டை 7/16-20 துளையில் ஆழமாகத் திருகி, ஹப்பில் சீல் உரசும் பரப்பில் எண்ணெய் தடவி, ஹப்பின் காடியைக் கிராங்கிலுள்ள கீயோடு (ஹப் நழுவாமல் பிடிக்கும் சிறு உலோகத் துண்டு) நேர்ப்படுத்திவிட்டு நட்டை முறுக்கினேன். சீராக வந்துகொண்டிருந்த ஸ்பானர் ஓரிடத்தில் சட்டென்று இறுகியது. ஹப் உள்ளிருக்கும் டைமிங் கியரில் போய் அமர்ந்ததற்கு அதுவே அடையாளம். அமெரிக்காவில் பல உதிரிபாகக் கடைகளில் முன்பணம் கட்டி இந்தக் கருவிகளை இரவல் பெறலாம், திருப்பிக் கொடுத்ததும் பணமும் திரும்பக் கிடைக்கும். நடு போல்ட்டை அந்தந்த ஆண்டின் பழுதுபார்ப்பு நூல் சொல்லும் அளவுக்கு முறுக்கு விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால்தான் இறுக்க வேண்டும்.

எல்லாவற்றையும் மீண்டும் பூட்டி எஞ்சினைச் சூடாக்கியபின், கணினி டைமிங்கை முன்தள்ளாதபடி அதற்கான ஒற்றை வயர் இணைப்பைப் பிரித்துவிட்டு டைமிங் லைட்டைப் பிடித்தேன். இந்த எஞ்சினுக்கு அடிப்படை டைமிங் பூஜ்யம் பாகை, அதாவது பிஸ்டன் உச்சியில் நிற்கும்போதே தீப்பொறி. குறி அசையாமல் அங்கேயே நின்றது. வயரைத் திரும்பச் செருகி வண்டியை வெளியே ஓட்டிப் பார்த்ததில் ஸ்டீயரிங்கில் தெரிந்த அதிர்வு போயிருந்தது. ஊர் சுற்றி வந்தபின் அடியில் படுத்துப் பார்த்தேன். சீலைச் சுற்றிலும் எண்ணெய்க் கசிவு இல்லை.