பாதி காலியாகக் கிடந்த கூட்ட அறை

ஒரு பெரிய கட்சிக்குள் சின்னக் குழு எப்படிக் காலூன்றுகிறது? பிரிட்டன் தொழிற்கட்சியின் ‘மிலிட்டன்ட்’ கதையைப் படித்தால் புரியும். 1964-இல் ஒரு பத்திரிகையாகத் தொடங்கிய ட்ராட்ஸ்கியக் குழு அது; ரஷ்யப் புரட்சியாளர் ட்ராட்ஸ்கியின் வழியில் நின்ற இடதுசாரிகள். வார்டு கூட்டத்துக்குப் பத்துப் பேர் வந்தாலே பெரிது. அதில் ஆறு பேர் இவர்கள். மற்றவர்கள் சலித்து எழுந்து போனாலும் இவர்கள் கடைசி வரை உட்கார்ந்திருப்பார்கள். அப்புறம்தான் வாக்கெடுப்பு! அவ்வளவுதான் சூட்சுமம். 1970-களிலேயே கட்சியின் இளைஞர் அமைப்பு இவர்கள் கைக்கு வந்துவிட்டது.

1983-க்குப் பிறகு லிவர்பூல் மாநகராட்சியில் ஆயிரக்கணக்கான வீடுகள் எழுந்ததில் இவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு, அதை மறைக்கக் கூடாது. ஆனால் 1985-இல் மத்திய அரசோடு நடந்த பட்ஜெட் மோதலின் நடுவே, சொந்த ஊழியர்களுக்கே பணிநீக்க நோட்டீஸை டாக்ஸியில் ஏற்றி அனுப்பினார்கள். தொழிலாளி வீட்டு வாசலில் டாக்ஸி நிற்கிறது, உள்ளேயிருந்து வருவது அந்தக் கடிதம். இதை என்னால் ஏற்கவே முடியவில்லை. அந்த ஆண்டு மாநாட்டில் கட்சித் தலைவர் நீல் கின்னக் இதைச் சொல்லித்தான் கொதித்தார்.

சரி, அதற்காக எல்லாரையும் ஒரே தராசில் நிறுக்கலாமா? எம்.பி. சம்பளத்தில் ஒரு தொழிலாளியின் கூலி அளவே எடுத்துக்கொண்ட மிலிட்டன்ட்காரர் டேவ் நெல்லிஸ்டையும் 1991-இல் கட்சியிலிருந்து நீக்கினார்களே, அது எனக்கு இன்னும் உறுத்துகிறது.