இரும்பு விளக்கு போனால் மண் விளக்கு

மார்ச் 3, திங்கள்

பழைய கிரேக்க ஞானி எபிக்டீட்டஸின் கையேட்டை மறுபடி எடுத்தேன். கைமீறியதற்குக் கலங்காதே என்கிற ஸ்டோயிக் தத்துவக்காரர். அவர் தன் கையால் எதையும் எழுதி வைக்கவில்லை. மாணவர் அர்ரியன் குறித்து வைத்ததுதான் நமக்குக் கிடைத்திருக்கிறது. எடுத்த எடுப்பிலேயே கணக்கைப் பிரித்துவிடுகிறார்: எண்ணம், ஆசை, வெறுப்பு, முயற்சி நம் கையில், உடம்பு, சொத்து, பேர், பதவி நம் கையில் இல்லை. உடம்பையும் அந்தப் பக்கம் தள்ளியவர் அடிமையாக இருந்தவர், கால் ஊனமானவர். சும்மா சொல்லியிருக்க மாட்டார். ஒரு மாதம் பழகிப் பார்க்கலாம்.

மார்ச் 4, செவ்வாய்

பேருந்து தாமதம். கோபம் வரவில்லை. அவசரமும் இல்லை என்பதால் இதைச் சாதனையில் சேர்க்கக் கூடாது.

மார்ச் 6, வியாழன்

அலுவலக வாசலில் வைத்த குடையைக் காணவில்லை. எபிக்டீட்டஸ் வீட்டில் ஒருநாள் இரும்பு விளக்கு திருட்டுப் போயிற்றாம். நாளைக்கு மண் விளக்கு வாங்கிக்கொள்ளலாம், இருப்பதைத்தானே இழக்க முடியும் என்று விட்டுவிட்டார். நானும் அப்படியே சொல்லிக்கொண்டேன். அப்புறம் வழியெல்லாம் எதிரே வந்த கறுப்புக் குடைகளை முறைத்துக்கொண்டே நனைந்து வந்தேன்.

மார்ச் 9, ஞாயிறு

ரோம ஸ்டோயிக் அறிஞர் செனிகா இரவில் விளக்கை அகற்றிய பிறகு, மனைவியும் பேச்சை நிறுத்தியதும், அன்று சொன்னது செய்தது எல்லாவற்றையும் தனக்குள் விசாரிப்பார். கோபத்தைப் பற்றிய நூலில் அவரே எழுதியிருக்கிறார். நானும் இந்த வாரத்தை விசாரித்தேன். ஒரு பக்கம் நிறைந்தது, எல்லாம் அடுத்தவர் குற்றம்!

என்னுடையது ஒன்று அடியில் கிடந்தது. புதன்கிழமை கூட்டத்தில் அறிக்கையில் நான் போட்ட தப்புக் கணக்கு, உடன் வேலை செய்பவர் தலையில் விழுந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. அவர் பேச்சை நிறுத்திவிட்டார். ‘அவர் மனம் என் கையில் இல்லை’ என்று நான்கு நாளாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன். ஸ்டோயிக் பாடத்தை இவ்வளவு வசதியாக எவரும் மடித்திருக்க மாட்டார்கள். அவர் மன்னிப்பது என் கையில் இல்லை, சரி. தப்பு என்னுடையது என்று சொல்வது? அதுவும் அதே ஆட்கள் முன்னால். தனியாகச் சொன்னால் போதாதா என்று மனம் பேரம் பேசுகிறது.

மார்ச் 10, திங்கள்

கூட்டத்தில் சொன்னேன். குரல் நடுங்கியது. அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அடுத்த தாளைத் திருப்பினார். சாயங்காலம் வரை அவர் முகத்தையே நோட்டம் விட்டுக்கொண்டிருந்தேன்.