இரண்டு மணிக்கு ஒரு முறை

பிப்ரவரி 18, 2026, புதன்

இன்று சாம்பல் புதன், ஈஸ்டருக்கு முந்தின தவக்காலமான லெந்து தொடங்கும் நாள். ஆலயத்துக்குப் போகவில்லை. அம்மாவைத் தனியாக விட்டுவிட்டுப் போக முடியாது.

பக்கவாதம் வந்து ஏழு வாரம் ஆகிறது. வலது கை, வலது கால் இரண்டும் அசையவில்லை. பேச்சும் போய்விட்டது. "வேண்டாம்", "ஐயோ", இன்னும் இரண்டு மூன்று சொற்கள் மட்டும் வருகின்றன. படுக்கைப்புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். இரவிலும்தான். பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு, ஆறு என்று என் போனில் வரிசையாக அலாரம்.

ஒவ்வொரு லெந்து காலத்திலும் எதையாவது விட்டுவிடுவேன். இந்த வருஷம் விடுவதற்கு என்னிடம் எதுவும் இல்லை. அதற்குப் பதிலாக எழுதுகிறேன். ஈஸ்டர் வரை, முடிந்த நாட்களில்.

பிப்ரவரி 22, ஞாயிறு

ஜெபம் வரவில்லை. முழங்கால் போட்டால் அப்படியே தூங்கிவிடுகிறேன். இதை யாரிடமும் சொல்லவில்லை. "நல்லா ஜெபம் பண்ணுறீங்களா?" என்று போனில் கேட்பவர்களிடம் "ஆமா" என்று சொல்லிவிடுகிறேன்.

இன்று வேதாகமத்தில் 1 இராஜாக்கள் 19 படித்தேன். தீர்க்கதரிசி எலியா சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து "போதும் கர்த்தாவே" என்கிறான். சாக வேண்டும் என்று கேட்கிறான். முந்தின அதிகாரத்தில்தான் கர்மேல் மலையில் வானத்திலிருந்து அக்கினியை இறக்கியவன்! அவ்வளவு பெரிய அற்புதத்தைப் பார்த்தவனுக்கும் அடுத்த அதிகாரத்தில் இப்படி ஆகிறது.

சின்ன வயதிலிருந்து கேட்ட கதைதான். ஆனால் தூதன் வந்து என்ன சொன்னான் என்பதை இன்றுதான் நின்று பார்த்தேன். அவிசுவாசம் என்று கடிந்துகொள்ளவில்லை. கர்மேலை மறந்துவிட்டாயா என்று கேட்கவில்லை. "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்றான். எலியா சாப்பிட்டு, தண்ணீர் குடித்து, மறுபடி படுத்துக்கொண்டான். தூதன் மறுபடி வந்து தட்டியெழுப்பி மறுபடி சாப்பிடச் சொன்னான். கூடவே ஒரு காரணமும் சொன்னான்: போகவேண்டிய தூரம் அதிகம். அப்புறம்தான் நாற்பது நாள் நடை, ஓரேப் மலை, கர்த்தர் பேசிய அமர்ந்த மெல்லிய சத்தம் எல்லாம்.

வேதாகமத்தை மூடிவைத்துவிட்டு முதலில் சாப்பிட்டேன். நின்றுகொண்டே அல்ல, உட்கார்ந்து.

பிப்ரவரி 26, வியாழன்

இரண்டு மணி அலாரம் கேட்கவில்லை. நான்கு மணிக்குத்தான் எழுந்தேன். அம்மாவின் இடுப்பில் ஓர் இடம் சிவந்திருந்தது. காலையில் சிவப்பு மறைந்துவிட்டது. என் பயம் மறையவில்லை.

மார்ச் 4, புதன்

அண்ணன் வெளிநாட்டிலிருந்து தினமும் காலையில் வாட்ஸ்அப்பில் ஒரு வசனம் அனுப்புகிறான். பின்னணியில் பூவும் சூரியனும். இன்றைக்கு எரேமியா 29:11. "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே."

எனக்குக் கோபம் வந்தது. அம்மாவின் துணியை மாற்றிவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்த நேரம் அது. "அதுக்கு முந்தின வசனத்தையும் படி" என்று பதில் போட்டுவிட்டேன்.

முந்தின வசனத்தில் எழுபது வருஷம் என்று இருக்கிறது. எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதி அனுப்பிய கடிதம் அது. இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லிக்கொண்டிருந்த அனனியா என்பவன் முந்தின அதிகாரத்தில் வருகிறான். அவன் பொய் சொல்கிறான் என்றார் எரேமியா. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், இருக்கிற பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபம் பண்ணுங்கள் என்று எழுதினார். அந்தக் கடிதத்தைக் கேட்ட வயதானவர்கள் திரும்பி வரும் நாளைப் பார்த்திருக்கவே முடியாது. அப்படிப்பட்டவர்களுக்கு எழுதிய வசனத்தை, நாளைக்கே விடிந்துவிடும் என்பதுபோல அனுப்புகிறோம்.

நான் சொன்னது சரிதான். சொன்ன விதம் சரியில்லை. ராத்திரி அண்ணன் கூப்பிட்டான். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "எனக்கு வேற என்ன அனுப்பறதுன்னு தெரியல" என்றான். அழுதான் என்று நினைக்கிறேன். நாளையிலிருந்து வசனம் வேண்டாம், அம்மாவிடம் வீடியோவில் பத்து நிமிஷம் பேசு என்றேன். அவளால் பதில் சொல்ல முடியாவிட்டாலும்.

மார்ச் 12, வியாழன்

இன்று நடந்ததை அப்படியே எழுதிவைக்க வேண்டும்.

இரவு பத்து மணிக்குப் புரட்டிப் படுக்கவைத்தேன். வேறு ஜெபம் வராததால் பழக்கத்தில் கர்த்தருடைய ஜெபத்தையே சொல்ல ஆரம்பித்தேன், மனம் எங்கோ இருக்க. "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" என்றதும் இன்னொரு குரல் சேர்ந்தது. நான் நிறுத்திவிட்டேன். அவள் நிறுத்தவில்லை.

"உம்முடைய நாமம் பரிசுத்தப்படுவதாக. உம்முடைய ராஜ்யம் வருவதாக."

தண்ணீர் என்று கேட்கத் தெரியாமல் பத்து வாரமாகத் தவிக்கிறவள். என் பெயர் வராதவள். கடைசி ஆமென் வரைக்கும் சொன்னாள். சில சொற்கள் குழறின, ஆனால் ஒன்றும் விட்டுப்போகவில்லை. முடிந்ததும் என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். "ஐயோ" என்றுதான் வந்தது.

பன்னிரண்டு மணி அலாரம் அடிக்கும்வரை நான் தூங்கவில்லை.

மார்ச் 13, வெள்ளி

பேச்சுப் பயிற்சி கொடுக்க வருகிறவரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவருக்கு ஆச்சரியமே இல்லை. அம்மாவுக்கு இருப்பதை அஃபேசியா என்பார்களாம். புதிதாக ஒன்றைச் சொல்லச் சொற்களைத் தேடி எடுக்கும் வேலை பெரும்பாலும் மூளையின் இடது பக்கத்தில் நடக்கிறது, அடிபட்டிருப்பது அங்கேதான். ஆனால் வருஷக்கணக்காகச் சொல்லிப் பழகிய ஜெபம், பாட்டு, ஒன்று இரண்டு மூன்று, கிழமைகளின் பெயர் போன்றவை பலருக்குத் தப்பித்துவிடும் என்றார். "இதனால பேச்சு முழுசாத் திரும்பிடும்னு அர்த்தம் இல்லை. ஆனா தினமும் கூடவே சேர்ந்து சொல்லுங்க, பாடுங்க."

நேற்று அற்புதம் என்று நினைத்தது இன்று மூளையின் வழக்கம் என்று தெரிந்தது. கொஞ்சம் ஏமாற்றம். சாயங்காலம்வரை அதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

எனக்குத் தோன்றியது இது. அந்த ஜெபம் அம்மாவின் உள்ளே அவ்வளவு ஆழத்தில் இருக்கக் காரணம் அறுபது வருஷமாக அவள் அதைச் சொன்னதுதான். ஆதித் திருச்சபையில் ஒரு நாளைக்கு மூன்று முறை சொல்லும்படி கற்பித்திருக்கிறார்கள். மனம் ஒட்டாமல் சொன்ன நாட்கள் அம்மாவுக்கும் இருந்திருக்கும். அடுப்பைப் பார்த்துக்கொண்டு, எங்களை அதட்டிக்கொண்டு சொன்னதை நானே கேட்டிருக்கிறேன். வெறும் வாய்ப்பழக்கம் என்று இளவயதில் அதைக் கேலி செய்தவளும் நான்தான்.

மார்ச் 21, சனி

சபையிலிருந்து ஒரு அக்கா ராத்திரி ஒன்பது மணிக்கு வந்தார். கையில் பையும் கண்ணாடிக் கூடும் மட்டும். "நீ போய்ப் படு. பன்னிரண்டு, ரெண்டு, நாலு மூணும் நான் பார்த்துக்கறேன். எப்படிப் புரட்டணும்னு மட்டும் ஒரு தடவை காட்டு" என்றார்.

ஆறரை மணி நேரம் தூங்கினேன். எழுந்து பார்த்தால் காய்ந்த துணிகளெல்லாம் மடித்து அடுக்கியிருக்கின்றன.

எல்லாவற்றையும் இழந்து தவித்த யோபுவைத் தேற்ற வந்த சிநேகிதர்களை எல்லாரும் திட்டுவார்கள். ஆனால் வந்தவுடன் ஏழு நாள், இரவும் பகலும், ஒரு வார்த்தையும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் கெடுத்துக்கொண்டார்கள். பரிசுத்த ஆவியானவருக்குத் தமிழில் தேற்றரவாளன் என்று போட்டிருக்கும் இடத்தில் மூலத்தில் இருக்கும் கிரேக்கச் சொல் பாராக்லேத்தோஸ். பக்கத்தில் நிற்க அழைக்கப்பட்டவர் என்று பொருள். அக்காவிடம் இதைச் சொன்னால் சிரிப்பார். சொல்லவில்லை.

மார்ச் 29, குருத்தோலை ஞாயிறு

இன்று அம்மாவிடம் கத்திவிட்டேன். மருந்தைத் துப்பினாள். மூன்றாம் முறை. "எனக்கு மட்டும் என்ன விதி" என்று கத்தினேன். அவள் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்; அவளால் செய்ய முடிந்தது அதுதான்.

88ஆம் சங்கீதம். புலம்பும் சங்கீதங்கள் பெரும்பாலும் கடைசியில் நம்பிக்கைக்குத் திரும்பிவிடும். இது திரும்பாது. கடைசி வசனத்தில் சிநேகிதர்களும் போய்விடுகிறார்கள், அவ்வளவுதான். ஆனாலும் 150 சங்கீதங்களில் ஒன்றாக அதையும் வைத்திருக்கிறார்கள். இன்று அதற்கு மேல் எனக்கு எதுவும் தேவைப்படவில்லை.

ஏப்ரல் 2, பெரிய வியாழன்

யோவான் 13. இயேசு சீஷர்களின் கால் கழுவும் பகுதி. எப்போதும் இயேசுவின் இடத்திலிருந்தே இதைப் பிரசங்கிப்பார்கள்: தாழ்மை, ஊழியம். இன்று வெந்நீர்ப் பாத்திரத்தோடு கட்டிலருகே உட்கார்ந்தபோது அம்மா இடது காலை இழுத்துக்கொண்டாள். "வேண்டாம்." அவளுக்கு மிச்சமிருக்கும் சொற்களில் ஒன்று. பேதுருவும் இதைத்தான் சொன்னான்: "நீர் ஒருக்காலும் என் கால்களைக் கழுவப்படாது."

கழுவுவதைவிடக் கழுவக் கொடுப்பது கஷ்டம். வாழ்நாள் முழுக்க மற்றவர்களுக்குச் செய்து பழகியவளுக்கு இன்னும் கஷ்டம். மார்ச் 29க்கு மன்னிப்புக் கேட்டேன். அவள் எதையும் சொல்லவில்லை; கொஞ்ச நேரம் கழித்துக் காலை நீட்டினாள். அந்த இராத்திரி யூதாஸின் காலும் கழுவப்பட்டது என்பது ஞாபகம் வந்தது. இயேசுவைக் காட்டிக்கொடுக்க அவன் எழுந்து போனது அதற்குப் பிறகுதான்.

ஏப்ரல் 4, சனி

சிலுவைக்கும் உயிர்த்தெழுதலுக்கும் நடுவில் வரும் இந்த நாளைப் பற்றி லூக்கா ஒரு வரி எழுதுகிறார்: கற்பனையின்படியே, அதாவது கட்டளையின்படியே, ஓய்ந்திருந்தார்கள். மற்றபடி ஒன்றுமில்லை. இங்கேயும் ஒன்றுமில்லை. பத்து, பன்னிரண்டு, இரண்டு.

ஏப்ரல் 5, ஈஸ்டர்

நான்கு மணிக்குப் பிறகு படுக்கவில்லை. மாற்கு 16 படித்தேன்.

இயேசுவின் கல்லறைக்குப் போன பெண்கள் சுகந்தவர்க்கங்களை வாங்கிக்கொண்டு விடியற்காலையில் கிளம்பியது ஒரு உடம்பைக் கவனிக்க. சிலுவையிலிருந்து அவசரமாக இறக்கி அடக்கம்பண்ணிய உடம்புக்கு, விட்டுப்போன வேலையைச் செய்ய. நல்ல செய்தி கிடைக்கும் என்று அவர்கள் நினைத்திருக்கவில்லை. வழியில் அவர்கள் பேசிக்கொண்டதும் வேலையைப் பற்றித்தான்: நமக்காகக் கல்லறை வாசலின் கல்லை யார் புரட்டித்தள்ளுவார்கள்?

ஆறு மணி அலாரம் அடித்தது. எழுந்து போய் அம்மாவின் தோளுக்குக் கீழே ஒரு கையும் இடுப்புக்குக் கீழே ஒரு கையும் கொடுத்தேன். எப்போதும்போல் மூன்று எண்ணத் தொடங்கினேன். "ஒண்ணு, ரெண்டு" என்று அவளும் கூடவே எண்ணினாள். மூன்று என்பதற்குள் இடது கையை நீட்டிக் கட்டிலின் கம்பியைப் பிடித்து இழுத்தாள். பாதி தூரம் அவளே புரண்டாள்.