கடைசி எண்ணுக்கு மட்டும் பதில் தந்த கிரெப்

சென்ற வாரம் 40 பில் எண்கள் அடங்கிய ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு, லினக்ஸ் சர்வரில் இருந்த லாக் கோப்பில் (நடப்பவற்றைச் சர்வர் பதிந்துவைக்கும் கோப்பு) அவை எங்கெல்லாம் வருகின்றன என்று தேட வேண்டியிருந்தது. ஒவ்வொன்றாகத் தட்டுவானேன் என்று பட்டியல் கோப்பையே கோப்பில் சொற்களைத் தேடித் தரும் கிரெப் கட்டளைக்கு, தேட வேண்டியவற்றை ஒரு கோப்பிலிருந்து எடுத்துக்கொள்ளச் சொல்லும் சிறிய எஃப் (-f) விருப்பத்தின் வழியாகக் கொடுத்தேன். ஒரே ஓர் எண்ணுக்குரிய வரிகள்தாம் வந்தன. அதுவும் பட்டியலின் கடைசி எண். மற்ற 39 எண்களும் லாக்கிலேயே இல்லையோ என்று ஐயுற்று, முதல் எண்ணைக் கையால் தட்டித் தேடினால் 17 வரிகள் வந்து விழுந்தன.

எதுவுமே கிடைக்காமல் போயிருந்தால் கட்டளையைத் தவறாக எழுதிவிட்டேன் என்றே நினைத்திருப்பேன். கடைசி எண் மட்டும் அகப்பட்டதுதான் துப்பு. கோப்பைத் திரையில் காட்டும் கேட் (cat) கட்டளையில், மறைந்திருக்கும் எழுத்துகளையும் காட்டச் சொல்லும் பெரிய ஏ (-A) விருப்பத்தோடு பட்டியலைத் திறந்தபோது, ஒவ்வொரு வரியின் முடிவிலும் கூரை போன்ற குறி, எம் எழுத்து, டாலர் குறி ஆகிய மூன்றும் ஒட்டி நின்றன; கடைசி வரியில் மட்டும் எண்ணைத் தவிர வேறெதுவும் இல்லை. டாலர் வரி முடிவைக் காட்டுகிறது. கூரையும் எம்மும் சேர்ந்து, வரியின் தொடக்கத்துக்குத் திரும்பச் சொல்லும் கேரேஜ் ரிட்டர்ன் என்ற எழுத்தைக் காட்டுகின்றன. பட்டியலை அனுப்பிய நண்பர் விண்டோஸ் நோட்பேடில் அடித்தவர், கடைசி எண்ணுக்குப் பிறகு என்டர் தட்டாமல் சேமித்திருக்கிறார்.

லினக்ஸில் வரி முடிவு என்பது அடுத்த வரிக்கு இறங்கச் சொல்லும் லைன் ஃபீட் மட்டுமே, எழுத்துகளுக்கு எண் தரும் ஆஸ்கி அட்டவணையில் அதன் எண் 10. விண்டோஸோ டாஸ் காலத்து வழக்கப்படி அதற்கு முன்னால் 13 என்ற கேரேஜ் ரிட்டர்னையும் எழுதுகிறது. (பழைய டெலிடைப்பில் அச்சுத்தலையை இடது ஓரத்துக்குக் கொண்டுவருவதும் தாளை ஒரு வரி ஏற்றுவதும் தனித்தனிக் கட்டளைகள், தட்டச்சு வகுப்பில் நாம் இழுத்த நெம்புகோல் இரண்டையும் ஒரே இழுப்பில் முடித்துவிடும்.) லினக்ஸின் கிரெப் 10-இல் மட்டுமே வரியை வெட்டுவதால், மிஞ்சிய 13 தேடும் எண்ணின் கடைசி எழுத்தாகவே ஆகிவிடுகிறது. அப்படியோர் எண் லாக்கில் ஏது?

எழுத்துகளை மாற்றவோ நீக்கவோ உதவும் டிஆர் (tr) கட்டளையால் 13-ஐ நீக்கிப் புதுக் கோப்பில் எழுதித் தேடியதும் 40 எண்களும் கிடைத்தன.

தேடப்படும் கோப்பே விண்டோஸிலிருந்து வந்ததாக இருந்தால் கோளாறு வேறு விதமாகத் தலைகாட்டும். சொல்லை மட்டும் தேடினால் கிடைக்கும். வரியின் முடிவில் வர வேண்டும் என்று டாலர் குறி சேர்த்தால் கிடைக்காது, ஏனெனில் சொல்லுக்கும் வரி முடிவுக்கும் நடுவே 13 உட்கார்ந்திருக்கிறது. திரையில் அது தெரிவதில்லை என்பதால் பலர் ரெகுலர் எக்ஸ்பிரஷனைத்தான் (டாலர் போன்ற குறிகளால் எழுதும் தேடல் வடிவம்) மணிக்கணக்கில் திருத்திக்கொண்டிருப்பார்கள். அதற்கு நான் செய்வது, ஷெல் லூப்பில் (கட்டளைகளைத் திரும்பத் திரும்ப இயக்கும் சுழற்சி) ஒவ்வொரு வரியையும் சதுர அடைப்புக்குள் அச்சிட்டுப் பார்ப்பது: 13 ஒளிந்திருந்தால் கர்சர் வரியின் தொடக்கத்துக்குப் போய்விடும், மூடும் அடைப்பு திறக்கும் அடைப்பின் மேலேயே ஏறி உட்கார்ந்துகொள்ளும்.