பயிற்றுநர் இல்லாமல் போனால்?

பயிற்றுநர் ஒருவரிடம் மோட்டார் பழுதறியும் பயிற்சி பெற நிதி கேட்டு நான் எழுதிய கோரிக்கையைப் படித்த மேலாளர், "இவர் ஓய்வு பெற்றுவிட்டால் பிறகு யாரைக் கேட்பீர்கள்?" என்றார். நியாயமான கேள்விதான், ஆனால் அந்தப் பயிற்றுநர் விரைவில் போய்விடக்கூடும் என்பதே இந்தச் செலவை இப்போதே செய்வதற்கான வலுவான காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஓடிக்கொண்டிருந்த மோட்டாரின் பேரிங் உறைமீது நீண்ட ஸ்க்ரூடிரைவரின் நுனியை ஊன்றி, கைப்பிடியைக் காதோடு அழுத்திக்கொண்டு, கிரீஸ் வற்றியதன் கரகரப்பையும் உருளை தேய்ந்ததன் தட்டலையும் அவர் பிரித்துச் சொன்னதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். கையேட்டில் அது கிடையாது. தத்துவ அறிஞர் மைக்கேல் போலானி விளக்கிய, சொல்லில் முழுமையாக அடங்காத அறிவு இதுவே. அருகில் நின்று கேட்டுப் பழகினாலொழிய அது கைமாறாது.

இருந்தாலும் பணத்துக்குப் பாதுகாப்பு வேண்டும். ஆகவே கட்டணத்தை முன்கூட்டியே மொத்தமாகக் கொடுக்காமல் முடிந்த கட்டங்களுக்கு மட்டும் கொடுப்பது, பாதியில் நின்றால் நாம் ஏற்கும் மாற்றுப் பயிற்றுநர் கிடைப்பது அல்லது மீதித் தொகையைக் கொடுக்காமல் நிறுத்திக்கொள்வது, வகுப்புகளை ஒளிப்பதிவு செய்ய எழுத்துமூல அனுமதி பெறுவது ஆகிய மூன்றையும் ஒப்பந்தத்தில் கேட்டிருக்கிறேன். இவற்றைவிட முக்கியமாக, ஒருவருக்குப் பதில் இருவர் கற்க வேண்டும். பயிற்றுநர் மட்டுமல்ல, கற்றவரும் வேலையை விட்டுப் போகக்கூடும் அல்லவா? அந்த இரண்டாவது இடத்துக்கான தொகையையும் சேர்த்தே திருத்திய கோரிக்கையை நாளை கொடுக்கப்போகிறேன்.