கேள்வித்தாளுடன் ஒரு வாரம்

நவம்பர் 25, 2024
பெண்களுக்கு எதிரான வன்முறையை ஒழிப்பதற்கான சர்வதேச நாள். ஐ.நா. அறிக்கை இன்று வந்தது. 2023இல் கணவன், காதலன் அல்லது குடும்பத்தினர் கையால் கொல்லப்பட்ட பெண்களும் சிறுமிகளும் உலகெங்கும் சுமார் 51,100 பேர், நாளொன்றுக்கு 140. கொலையென்றால் பிணம் கிடைக்கும், கணக்கு ஏறும். சாகாமல் அடி வாங்குகிறவர்களை எப்படி எண்ணுவது? அந்தக் கணக்கெடுப்புக்குத்தான் பயிற்சிக்குப் போகிறேன்.

டிசம்பர் 2
“குடும்ப வன்முறைக்கு ஆளானீர்களா?” என்று கேட்கவே கூடாதாம். “அதெல்லாம் ஒன்றுமில்லை” என்றுதான் பதில் வரும். கன்னத்தில் அறைந்தாரா, முடியைப் பிடித்து இழுத்தாரா, எட்டி உதைத்தாரா என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். ஒரு வீட்டில் ஒரே ஒரு பெண்ணிடம், அதுவும் தனியாக. வெளியே சொல்வதற்கு ‘பெண்கள் உடல்நல ஆய்வு’ என்று பெயர். நடுவில் யாராவது உள்ளே வந்தால் உடனே மாதவிடாய், பிரசவம் என்று பேச்சை மாற்றிவிட வேண்டும். நாம் கேட்டுவிட்டுப் போனதற்காக அவள் இரவில் உதை வாங்கக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் இதற்கான வழிமுறைகளை 2001லேயே வகுத்துவிட்டது. இப்படிக் கேட்டபோதுதான் பல பெண்கள் வாழ்க்கையில் முதல்முறையாக வாய் திறந்தார்களாம்.

டிசம்பர் 3
அப்படித் திரட்டிய கணக்குகளிலிருந்து 2021இல் வந்த மதிப்பீடு: 15 முதல் 49 வயதுக்குள், கணவனோ துணையோ இருந்த பெண்களில் 27 சதவீதம் பேர் அவர்களிடமே உடல் அல்லது பாலியல் வன்முறையை அனுபவித்தவர்கள். இதுவும் சொன்னவர்களின் கணக்குதான்.

டிசம்பர் 5
கழுத்தை நெரிப்பது பற்றி இன்று. கேள்வித்தாளில் அறைதல், தள்ளுதல் வரிசையில் அதற்கும் ஒரு வரிதான்; எனக்கு இது பிடிக்கவில்லை. துணைவன் ஒருமுறை கழுத்தை நெரித்திருந்தால், பின்னாளில் அவன் கையாலேயே கொல்லப்படும் வாய்ப்பு ஏழு மடங்குக்கு மேல் என்று 2008இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு சொல்கிறது. பல நேரங்களில் வெளியே தழும்பே தெரியாது. குரல் கம்மும், விழுங்க வலிக்கும். அவளே அதைச் சளி என்று சொல்லிவிடுவாள்.

டிசம்பர் 6
உடன் பயிற்சி பெறுபவர் ஒருவர் கேட்டார்: “இவ்வளவு பட்டும் ஏன் அங்கேயே கிடக்கிறார்கள்?” எனக்குச் சுருக்கென்றது. பயிற்சியாளர் பொறுமைசாலி. பிரிந்து போக முயலும் நாட்களில்தான் கொலை அபாயம் மிக அதிகம் என்றார். பணம் அவன் கையில், பிள்ளைகள் இவள் இடுப்பில், எங்கே ஓடுவது?

அவன் ஏன் அடிக்கிறான் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆண்களிடமே கேட்ட ஆய்வும் உண்டு. ஆசிய-பசிபிக் பகுதியில் ஆறு நாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களிடம் ஐ.நா. அமைப்புகள் கேட்டு 2013இல் வெளியிட்டன. ஏறக்குறையப் பாதிப் பேர், துணைவியிடம் உடல் அல்லது பாலியல் வன்முறையில் ஈடுபட்டதாகத் தாங்களே ஒப்புக்கொண்டார்கள். நாளை பயிற்சியாளரிடம் அந்தக் கேள்வித்தாளைக் கேட்டு வாங்க வேண்டும்.